நாற்பத்தோரு மாநிறம்

சீட்டில் ஆறு கட்டங்கள் இருந்தன. பெயர், வயது, ஊர், உடை, நிறம், அடையாளம். முதல் நாலு கட்டத்தையும் திருமலை மளமளவென்று நிரப்பிவிட்டான். ஆர்த்தி, நாலு, கீழ்பென்னாத்தூர், ரோஸ் கவுன். ஐந்தாவது கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது. தலையைத் தூக்கிப் பெண்டாட்டியைப் பார்த்தான்.

"மாநிறம்னு போடுங்க," என்றாள் சந்திரகலா.

பெற்ற பெண்ணைக் காணாமல் முக்கால் மணி நேரம் ஆகிறது. நிற்கிற இடத்தில் கால் நிற்கவில்லை. அந்த நிலைமையிலும் அந்த ஒரு பொய் மட்டும் அவளுக்குத் தடங்கல் இல்லாமல் வந்தது. அவளைச் சொல்லி என்ன செய்ய? நாலு வருடமாகக் கேட்டவருக்கெல்லாம் சொல்லிச் சொல்லிப் பழகிப்போன வாய்.

அது தொண்ணூற்றேழாம் வருடத்துக் கார்த்திகை தீபம். மலையைச் சுற்றி எட்டு மைலுக்கும் மேலே ஜனம். ஊரிலிருந்த அத்தனை பேரும் வந்துவிட்டார்கள் என்று சொன்னால் போதாது, எந்த ஊரிலும் ஒருவரும் மிச்சமில்லை என்று சொல்ல வேண்டும். முந்தின நாள் பெய்த மழையில் ரோடெல்லாம் சேறு. சேற்றில் லட்சம் வெறுங்கால்கள். எல்லாக் கால்களும் ஒரே பக்கமாகப் போய்க்கொண்டிருந்தன. அந்தக் கூட்டத்தில் திருமலையும், சந்திரகலாவும், திருமலையின் அக்கா உண்ணாமலையும், குழந்தையும் நடந்தார்கள். கிரிவலப் பாதையில் இருக்கிற அக்னி லிங்கக் கோயிலில் நின்று கற்பூரம் ஏற்றினார்கள். அதுவரைக்கும் குழந்தை இருந்தது. அப்பா தூக்கியிருக்கிறார் என்று அம்மா நினைத்தாள், அத்தை பிடித்திருக்கிறாள் என்று அப்பா நினைத்தான், அத்தை அண்ணாமலையாரை நினைத்துக்கொண்டிருந்தாள். ரமணாசிரமத்துக்கு எதிரே வந்து தண்ணீர் குடிக்க நின்றபோதுதான் மூன்று பேரும் ஒருவர் கையை ஒருவர் பார்த்தார்கள்.

ஆசிரமத்துக்கு எதிரே போலீஸ் பந்தல் ஒன்று இருந்தது. அங்கேயிருந்த கான்ஸ்டபிள் தசரதன் நல்ல மனிதர். சீட்டை வாங்கி, ஒயர்லெஸ்ஸில் எழுத்துக்கூட்டிப் படித்து அனுப்பினார்.

"புள்ளைங்க கெடைச்சா அக்னி லிங்கத்துப் பந்தல்லதான் சேர்ப்பாங்க. மைக்கும் அங்கதான் இருக்குது. அந்த மைக்கையும் இந்த ஒயர்லெஸ்ஸையும் காதுல வாங்கிக்கினு இங்கயே நில்லுங்க. கூட்டத்துக்கு எதிரா மட்டும் போயிடாதீங்க, உங்களையே மிதிச்சிடுவாங்க," என்றார். பிறகு கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "ஆறு மணிக்குள்ள கெடைச்சிட்டா நல்லது. தீபம் ஏத்தினதும் டவுன்ல இருக்கிற ஜனம் பூரா ஒரே அடியா இங்க திரும்பும்," என்று மெதுவாகச் சொன்னார்.

அப்போது மணி நாலேகால்.

சந்திரகலா கம்பத்தடியில் போய் நின்றாள். தலைக்கு மேலே குழாய் ஒலிபெருக்கி. அதிலிருந்து ஒரு வாத்தியார் குரல், "பக்தர்களின் கனிவான கவனத்திற்கு" என்று ஆரம்பித்து ஒவ்வொரு சீட்டாகப் படித்தது. ஆர்த்தி, வயது நான்கு, மாநிறம் என்றும் படித்தது. அவள் கும்பிட்டாள். மலையைப் பார்த்துக் கும்பிட்டாளா, குழாயைப் பார்த்துக் கும்பிட்டாளா என்று அவளுக்கே தெரியாது. கிடைத்த குழந்தைகளின் விவரமும் நடுநடுவே வந்தது. "ஆண், கருப்பு நிறம், கால்சட்டை." "பெண், நான்கு வயது இருக்கலாம், கருப்பு நிறம், பெரிய சட்டை அணிந்துள்ளது." இரண்டு தடவை வந்தது. நம்முடையது இல்லை என்று இரண்டு தடவையும் அவளே தள்ளிவிட்டாள். நம்முடையது கவுன் போட்டிருந்தது. நம்முடையது மாநிறம்.

இந்த மாநிறத்தின் கதையைச் சொல்லியாக வேண்டும். சந்திரகலா மாசமாக இருந்தபோது உண்ணாமலை, வாக்கப்பட்ட வேங்கிக்காலிலிருந்து டப்பி டப்பியாகக் குங்குமப்பூ கொண்டுவந்து பாலில் போட்டுக் குடிக்க வைத்தாள். பாலின் நிறத்தைப் பார்த்து, பிறக்கப்போவது சீமைத்துரை மகள் என்றே வீட்டில் எல்லோரும் நம்பியிருந்தார்கள். பிறந்தது திருமலையை அப்படியே உரித்து வைத்திருந்தது. திருமலை நல்ல கருப்பு. ஆனால் ஆண்பிள்ளைக்கு நிறத்தை யார் கேட்டார்கள்? அவனைக் "களையா இருக்கான்" என்று சொன்ன அதே வாய்கள், அதே நிறத்தைத் துணியில் சுற்றிக் கையில் கொடுத்ததும் "பொண்ணு கலர் கம்மி" என்று உச்சுக்கொட்டின. உண்ணாமலை குங்குமப்பூ கடைக்காரனை ஒரு மாதம் திட்டினாள். போலிச் சரக்காம். அப்புறம் கடலை மாவு, கஸ்தூரி மஞ்சள், குழாயில் அடைத்து விற்கிற கிரீம். தேய்க்கத் தேய்க்கக் குழந்தை அழுதது, மற்றபடி ஒரு மாற்றமும் இல்லை.

சந்திரகலாவுக்கும் இந்த வார்த்தை புதிதில்லை. பெண் பார்க்க வந்தபோது தரகர் அவளை மாநிறம் என்று சொல்லித்தான் தள்ளிவிட்டிருந்தார். வந்தவர்கள் அவளைப் பார்த்தார்கள், தரகரைப் பார்த்தார்கள், இன்னும் ரெண்டு பவுன் போடச் சொன்னார்கள்.

பெயர் வைக்கிற அன்றைக்கு ஆர்த்தி என்று மூன்று முறை காதில் சொன்னதோடு சரி, அந்தப் பெயரை அப்புறம் யாரும் தொடவில்லை. அம்மாவுக்கு அவள் பாப்பா. அப்பாவும் அத்தையும் அக்கம்பக்கமும் கூப்பிடுகிற பெயர் வேறு. செல்லமாகக் கூப்பிடுகிறதுதான், கண்ணு படாமல் இருக்க, என்பாள் உண்ணாமலை. அந்தப் பெயர் தானே வரும், அவசரப்படாதீர்கள்.

ஐந்தேகாலுக்கு வாத்தியார் குரல் கரகரத்து, இருமி, நின்றுபோனது. குழாய் கொஞ்ச நேரம் உஸ்ஸென்றது. பிறகு ஒரு பெண் குரல்.

"அலோ... அலோ... வருதா? ஐயோ, என் குரலு எனக்கே கேக்குதே! ஐயா, அம்மா, சாருக்குத் தொண்டை போயிடுச்சி, வெந்நி குடிச்சிக்கினு இருக்காரு. நான் பாஞ்சாலை பேசறேன். பால்வாடி ஆயா. தொலைஞ்ச புள்ளைங்களப் பாத்துக்கச் சொல்லி என்னை இங்க போட்டிருக்காங்க. சார் வர்ற வரைக்கும் நானே சொல்றேன். தப்பா இருந்தா மன்னிச்சிக்கோங்க."

கூட்டத்தில் நாலைந்து பேர் அண்ணாந்து பார்த்தார்கள். படித்த குரல் இல்லை. கனிவான கவனமும் இல்லை. அடுத்த வீட்டுக்காரி வேலிக்கு மேலே எட்டிப் பேசுகிற மாதிரி இருந்தது.

"காலையிலேர்ந்து காணோம்னு வந்த சீட்டு நாப்பத்தொண்ணு. ராமன், ஆறு வயசு, மாநிறம். ஓவியா, மூணு வயசு, நல்ல மாநிறம். சரோஜா, அஞ்சு வயசு, மாநிறத்துக்கு மேல. அதென்னா மேலயோ, மாடியோ. புகழேந்தி, மாநிறம். ஆர்த்தி, மாநிறம். எல்லாம் படிச்சிட்டேன். நாப்பத்தொண்ணும் மாநிறம்."

ஒரு மூச்சு விட்டாள்.

"சரி. இப்ப எங்கிட்ட கெடைச்சி உக்காந்திருக்கிறது பதினோரு புள்ளைங்க. நானும் ஒவ்வொண்ணா வெயில்ல நிக்க வெச்சிப் பாத்துட்டேன், நெழல்ல நிக்க வெச்சிப் பாத்துட்டேன். மாநிறம் ஒண்ணுகூடக் கெடையாதுங்க. பதினொண்ணும் என் கலரு."

எங்கேயோ ஒருவர் சிரித்தார். சிரிப்பு ரோட்டோடு நகர்ந்தது.

"அப்ப அந்த நாப்பத்தோரு மாநிறப் புள்ளைங்க எங்க போச்சி? இந்தப் பதினோரு கருப்புப் புள்ளைங்க எங்கேர்ந்து வந்துச்சி? அண்ணாமலையாரே பெத்துப் போட்டாரா? கூட்டத்துல போறவங்க கொஞ்சம் ஒங்க முழங்கையைப் பாத்துக்கோங்க. பாத்தாச்சா? நான் ஒண்ணும் சொல்லலைங்க."

அடேயப்பா! அந்தச் சிரிப்பை என்னவென்று சொல்வது. அவர்கள் நின்ற செங்கம் ரோடு முழுக்கச் சிரித்தது. மொட்டை போட்டவர்கள், காவடி தூக்கினவர்கள், பொங்கல் பொட்டலம் கையில் வைத்திருந்தவர்கள், பந்தலில் தசரதன், எல்லோரும். ஆளாளுக்கு முழங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். அத்தனை பேரும், முன்பின் தெரியாதவர்கள், ஒரே நேரத்தில் முழங்கையைப் பார்க்கிற காட்சியை அந்த மலை அதுவரைக்கும் கண்டிருக்காது. சந்திரகலாவுக்கும் அந்தத் துக்கத்திலும் உதடு இழுத்துக்கொண்டது. பிறகு அவளும் முழங்கையைப் பார்த்தாள்.

"இங்க ஒரு வெள்ளைக்காரம்மா நிக்கறாங்க. செருப்பக் காணோமாம். என்னா கலருன்னு கேட்டேன். கருப்புன்னு பளிச்சினு சொல்லிட்டாங்க. செருப்புக்கு உண்மையைச் சொல்றோம், புள்ளைக்குச் சொல்ல மாட்டேங்கறோம். இப்ப செருப்பு சீக்கிரம் கெடைச்சிடும், பாருங்க."

மறுபடி சிரிப்பு. உண்ணாமலை மட்டும் சிரிக்கவில்லை. "மைக்கு கெடைச்சா இன்னா வேணா பேசிடறதா?" என்று முணுமுணுத்தாள்.

அது அங்கே கேட்டுவிட்டதோ என்னவோ, குழாயில் குரல் கொஞ்சம் இறங்கியது.

"எனக்குத் தெரியும், ஏன் சொல்ல மாட்டேங்கறீங்கன்னு. கருப்புன்னு போட்டா காலனின்னு நெனச்சிடுவாங்களோன்னு பயம். நான் காலனிதாங்க. பொறந்ததும் காலனி, வாக்கப்பட்டதும் காலனி. இப்ப ஒங்க புள்ளைங்க என் மடியிலதான் தலை வெச்சித் தூங்குதுங்க. என் கையாலதான் பிஸ்கட்டு துன்னுச்சிங்க. ஒண்ணும் ஆயிடல, நல்லாத்தான் மூச்சு வுடுதுங்க."

சிரித்துக்கொண்டிருந்த கூட்டம் சட்டென்று அடங்கியது. லட்சம் பேர் பேசாமல் நடந்தால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் சந்திரகலா கேட்டாள். சேற்றில் கால் வைத்து எடுக்கிற சத்தம் மட்டும். ஊருக்கே கேட்கும்படி, பெயர் சொல்லி, இடம் சொல்லி, ஒரு பொம்பளை இப்படிப் பேசுவாளா? பேசினாளே! யார் கொடுத்த தைரியம் இது?

"இன்னும் ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டு சார்கிட்ட குடுத்துடறேன். இங்க ஒரு பொண்ணு. நாலு வயசு இருக்கும். சேத்துல வுழுந்துட்டுது, துணியக் கழட்டிட்டு ஒரு சட்டை மாட்டி வுட்டிருக்கேன். அப்பா பேரு இன்னான்னு கேட்டேன். 'என்னங்க'ன்னு சொல்லுது. அம்மா பேரு அம்மாவாம். ஊரு வீடாம்."

கூட்டம் லேசாகச் சிரித்தது. சந்திரகலா சிரிக்கவில்லை. அந்த வீட்டில் அவள் ஒருத்திதான் திருமலையை என்னங்க என்று கூப்பிடுவாள்.

"உம்பேரு இன்னாடி கண்ணுன்னு கேட்டேன். சொல்லிச்சி. மைக்குல சொல்ல எனக்கு வாய் வரலை. ஆனா அது தன் பேருன்னு நெனச்சிக்கினு எவ்வளோ ஆசையா சொல்லுது தெரியுமா? கரிச்சட்டின்னு சொல்லுதுங்க."

குழாய் ஒரு நிமிடம் உஸ்ஸென்றது.

"கரிச்சட்டி அம்மா, எங்க இருந்தாலும் வாங்க. மாநிறப் பொண்ணைத் தேடிக்கினு நிக்காதீங்க. ஒங்க கருப்புப் பொண்ணு இங்க ஒங்களுக்காக உக்காந்திருக்குது."

சந்திரகலாவுக்கு முதலில் காது அடைத்துக்கொண்டது. அப்புறம் திறந்துகொண்டது. இரண்டு தடவை சொன்னார்களே! பெண், நான்கு வயது, கருப்பு. இரண்டு தடவையும் இந்தக் காதால் கேட்டுவிட்டு, நம்முடையது இல்லை என்று சொன்னவள் யார்? தாயா நான்? பெற்ற பிள்ளையைக் கூட்டத்தில் தொலைத்தது இன்றைக்கு இல்லை, எப்போதோ தொலைத்துவிட்டேன் என்று அவளுக்குத் தோன்றியது.

"நம்ம பாப்பாதாங்க!" என்று கத்தினாள்.

திருமலை தலை குனிந்தபடி நின்றான். பக்கத்தில் நின்ற நாலு பேர் அவர்களைத் திரும்பிப் பார்த்தார்கள்.

உண்ணாமலை அவள் கையை இறுக்கிப் பிடித்தாள். "கத்தாதடி. எல்லாரும் பாக்கறாங்க. பத்திரமாத்தான இருக்குது? கொஞ்சம் கூட்டம் கலையட்டும், கமுக்கமாப் போயி இட்டுனு வந்துடலாம். இப்பப் போனா கரிச்சட்டி வீட்டுக்காரங்கன்னு ஊரே காறித் துப்பும்."

"விடுங்க அண்ணி."

"தே, கிரிவலத்துல எதிர்ப்பக்கமா நடக்கக்கூடாதுடி. மகா பாவம்!"

"வர்ற பாவத்தை நான் பாத்துக்கறேன்," என்று சொல்லிக் கையை உதறிக்கொண்டு சந்திரகலா ரோட்டில் இறங்கினாள்.

இறங்கினாளே தவிர, ஒரு அடி முன்னால் வைக்க முடியவில்லை. எதிரே மனிதச் சுவர். தோள் இடித்தது, பை இடித்தது, ஒருவர் கால் அவள் காலை மிதித்தது. "இன்னாம்மா, எதிர்ல வர்றியே, கண்ணு தெரியலையா?" என்று ஒருவர் எரிந்து விழுந்தார். இரண்டு அடி போனால் மூன்று அடி பின்னால் தள்ளியது. மலையுச்சியில் தீபக் கொப்பரைக்குப் பக்கத்தில் ஆட்கள் எறும்பு மாதிரி நடமாடுவது தெரிந்தது. மணி ஐந்தரையாவது இருக்கும். கும்பிட்டுப் பார்த்தாள், "என் பொண்ணு, என் பொண்ணு" என்று கெஞ்சிப் பார்த்தாள். அன்றைக்கு எல்லோருக்கும் ஒரு பொண்ணு இருந்தது, யார் காதிலும் ஏறவில்லை.

கடைசியில் அவளுக்கே தெரியாமல் அது வாயிலிருந்து வந்தது. தொண்டை கிழியக் கத்தினாள்.

"நான்தாங்க கரிச்சட்டி அம்மா!"

முன்னால் இருந்தவர் நின்றார். அவருக்குப் பின்னால் இருந்தவரும் நின்றார். "அவங்கதானாம்பா, மைக்ல சொன்னாங்களே!" என்றது ஒரு குரல். "கரிச்சட்டி அம்மா வர்றாங்க, வழி வுடுங்க!" என்றது இன்னொன்று. அந்தச் சொல் அவளுக்கு முன்னால் ஓடியது. ஒருவர் சொல்லி ஒருவர் சொல்லி, அக்னி லிங்கம் வரைக்கும் வாய் வாயாகப் போனது. போகப் போகக் கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. அம்மாடி! லட்சம் பேர் நடக்கிற ரோட்டில், நடுவில் ஒரு ஆள் ஓடுகிற அகலத்துக்குச் சேறு தெரிந்தது. காறித் துப்புவார்கள் என்றாளே உண்ணாமலை, ஒருவரும் துப்பவில்லை. காவடிக்காரர் காவடியை ஒதுக்கிப் பிடித்தார். ஒரு கிழவி கையெடுத்துக் கும்பிட்டாள். சந்திரகலா ஓடினாள். அழுதுகொண்டே, கத்திக்கொண்டே, முந்தானை சேற்றில் புரள, அந்தப் பெயரைத் தன் பெயராகச் சொல்லிக்கொண்டே ஓடினாள்.

அக்னி லிங்கத்துப் பந்தலில் பாயின் மேல் குழந்தைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. நடுவில் பாஞ்சாலை. இந்தக் குரலுக்கு ஆள் மலை போல இருப்பாள் என்று எண்ணி வந்த சந்திரகலாவுக்கு ஆச்சரியமாகப் போயிற்று. ஒல்லியான, கட்டையான பொம்பளை. நெற்றியில் பெரிய பொட்டு. ஒரு கையில் மைக்கு, மடியில் முட்டிவரைக்கும் சட்டை தொங்குகிற குழந்தை. குழந்தை அம்மாவைப் பார்த்ததும், எதுவும் நடக்காத மாதிரி, "அம்மா, பிஸ்கட்டு குடுத்தாங்க" என்றது.

வாரி எடுத்துக் கட்டிக்கொண்டு அவள் அழுத அழுகையை நான் எழுதப்போவதில்லை.

பாஞ்சாலை சீட்டை எடுத்தாள். "இதுல கையெழுத்துப் போடணும்மா. புள்ளை பேரு?"

"ஆர்த்தி."

"ஆர்த்தியா! அந்தச் சீட்டு எங்கிட்டதான இருக்குது? ஆர்த்தி, ஆர்த்தின்னு நாலு தரம் கூப்ட்டேனேம்மா. திரும்பிக்கூடப் பாக்கலையே." பாஞ்சாலை அவளை ஒரு பார்வை பார்த்தாள். அதில் கோபம் இல்லை, அதுதான் சந்திரகலாவால் தாங்க முடியவில்லை. "சரி வுடுங்க. நெறம்? இங்க மாநிறம்னு போட்டிருக்குது."

மைக்கு பாஞ்சாலையின் கையில், அணைக்காமல் இருந்தது. சந்திரகலா அதைப் பார்த்தாள். சொல்வது ஆசிரமம் வரைக்கும் கேட்கும் என்று தெரிந்தது.

"கருப்பு," என்றாள். "எம்பொண்ணு கருப்புங்க. அவங்கப்பா மாதிரி, என்னை மாதிரி. அடிச்சிட்டுக் கருப்புன்னு போடுங்க."

வெளியே கூட்டம் ஓவென்று கத்தியது. யாரோ விசில் அடித்தார்கள். பந்தல் வாசலில் சீட்டு நிரப்பிக்கொண்டிருந்த ஒரு டெரிகாட்டன் சட்டைக்காரர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, தான் எழுதியதை அடித்து, குனிந்து வேறு ஏதோ எழுதினார்.

கொஞ்ச நேரத்தில் திருமலையும் வந்து சேர்ந்தான். அவனும் எதிர்ப்பக்கமாகத்தான் வந்திருந்தான், வேட்டியெல்லாம் சேறு. அவனுக்கு யாரும் வழி விட்டிருக்க மாட்டார்கள் போலிருக்கிறது. அக்காவைக் காணவில்லை. குழந்தையை வாங்கித் தோளில் வைத்துக்கொண்டான்.

அப்போதுதான் மலையுச்சியில் நெருப்பு எழும்பியது. "அண்ணாமலைக்கு அரோகரா" என்று பூமியும் வானமும் சேர்ந்து அலறின. சந்திரகலா கை குவித்தாள். குவித்த கை மலைப்பக்கம் கொஞ்சம், பந்தல் பக்கம் கொஞ்சம் என்று திரும்பியது. அந்த அலறல் அடங்குகிற வரைக்கும் காத்திருந்து பாஞ்சாலை மைக்கைப் பிடித்தாள்.

"ஆர்த்தி கெடைச்சிட்டா! நாப்பத்தொண்ணுல ஒண்ணு கழிஞ்சிது. ஆர்த்தி அவங்க அம்மாகிட்ட போயிட்டா!"

எல்லாக் குழாய்களும் அந்தப் பெயரைச் சொல்லின. அப்பா தோளில் இருந்த குழந்தை குழாயை அண்ணாந்து பார்த்தது. பிறகு அம்மா பக்கம் குனிந்து கேட்டது.

"ஆர்த்தின்னா யாரும்மா?"

திருமலையின் தோள் குலுங்கியது. "நீதாண்டி" என்று சொல்ல சந்திரகலாவுக்கு வெகு நேரம் பிடித்தது.